குசுவைத் தும்மலாக்கச் சொல்கிறார்கள், அண்ணி

என் செல்ல அண்ணிக்கு,

நம்ம புத்தகத்தை மறுபடியும் அச்சடிக்கப் போகிறார்களாம். உடனே குதிக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள். 'குசு' என்று நீங்கள் எழுதிய இடத்திலெல்லாம் 'தும்மல்' என்று மாற்றிவிடுவார்களாம். அப்போதுதான் பள்ளிக்கூடங்கள் வாங்குமாம். பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கதை எழுதிய உங்களுக்குப் பதிலாக அண்ணனும், படம் வரைந்த நானும் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நீங்கள் போய் இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அதற்குள் உங்கள் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வந்துவிட்டார்கள். நீங்கள் இருந்தபோது இப்படிக் கேட்டிருப்பார்களா?

இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோவிச்சுக்காதீங்க. புத்தகத்தின் பெயர் 'யாருங்க விட்டது?' ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டமாகப் போகும் பஸ்ஸில் யாரோ குசு விட்டுவிடுகிறார்கள். கண்டக்டர் காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே வருகிறார். பூக்கார அம்மா, முசிறியிலிருந்து வாழை இலைக் கட்டோடு வந்தவர், பேங்க் மேனேஜர், எல்லாருமே "நான் இல்லீங்க" என்கிறார்கள். யாரும் ஒத்துக்கொள்ளாததால், சரி போகலாம் என்று கண்டக்டர் விசில் ஊதுகிறார். கடைசிப் பக்கத்தில் இரண்டு சத்தம் கேட்கிறது. ஒன்று விசிலிலிருந்து வந்தது. இன்னொன்று? அங்கே நான் மொத்த பஸ்ஸும் கண்டக்டரைத் திரும்பிப் பார்ப்பதாக வரைந்திருக்கிறேன்.

கண்டக்டர் 'எவன்டா விட்டது?' என்று கேட்டால் இன்னும் சிரிப்பாக இருக்குமே என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம ஊரு கண்டக்டர் அப்படியா கேப்பாரு? சண்டையே போட்டாலும் ஒரு 'ங்க' சேத்துத்தானே போடுவாரு" என்றீர்கள். அந்த 'ங்க'வில்தான் கதையே உட்கார்ந்திருக்கிறது என்பது படம் வரைந்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து செய்த காரியமா இது என்று நம் சொந்தத்தில் பேசினார்கள். இரண்டு பொம்பளைகள் உட்கார்ந்து எழுதுகிற விஷயமா என்றும் பேசினார்கள். நான் வருத்தப்பட்டேன். நீங்கள் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கே கதையைச் சத்தமாகச் சொன்னீர்கள். சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

ஆனால் உங்களுக்கு அது வெறும் சிரிப்புக்கான புத்தகம் இல்லை. அது எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். புத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் வார்டில் அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தீர்கள். ஒவ்வொரு கட்டிலிலும் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "காத்து பிரிஞ்சுதாங்க?" குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வரும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது.

ஒரு பெரிய ஆபீஸர் வந்தாரே. காலையிலேயே அவருக்குக் காற்று பிரிந்துவிட்டது. ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, நீங்கள் கேட்கும்போதெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம் வரை நாக்கு வறண்டு கிடந்தார். வெளியே அவர் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டு நின்றார். அன்றைக்கு டியூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "இந்த வெக்கத்தை ஆறு வயசுலயே சிரிச்சுத் தொலைச்சிடணும் மல்லி. நான் ஒரு கதை எழுதறேன், நீ படம் போடு."

இதெல்லாம் தெரிந்த அண்ணன்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆமாம் அண்ணி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டார். எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் பதிப்பகம் அனுப்பிய சம்மதத் தாள் கிடந்தது.

"ஒரு வார்த்தைதானே மல்லி. அட்டையில அவ பேரு இருக்கும்ல. அது போதும்" என்றார்.

"பேரு இருக்கும். அண்ணி இருக்க மாட்டாங்க."

"நீ ஏன் எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கற? தும்மல்னு போட்டா இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

என்ன கெட்டுப்போகும் என்று பார்த்தே விடுவோம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒரு பிரதியை எடுத்தேன். குசு வரும் இடத்திலெல்லாம் 'தும்மல்' என்று எழுதிய துண்டுச் சீட்டை ஒட்டினேன். மறுநாள் ஸ்ரீரங்கத்தில் நான் டிராயிங் மிஸ்ஸாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரிடம் அனுமதி கேட்டு, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து படித்தேன்.

"பஸ்ஸில் யாரோ ஒரு பெரிய தும்மல் போட்டார்கள்."

"நூறு!" என்றது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை. பின்னாலேயே மொத்த வகுப்பும் "நூறு!" என்றது. வீட்டில் குழந்தை தும்மினால் நாம் அப்படித்தானே வாழ்த்துகிறோம்? நான் அடுத்த பக்கத்தைக் காட்டினேன். பஸ் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"மிஸ், தும்முனா நூறுன்னுதானே சொல்லணும்? இவங்க ஏன் மூக்கப் பொத்திக்கிறாங்க?"

"சளி புடிச்சிருக்கும் மிஸ். அதுக்குப் போயி பஸ்ஸ நிறுத்துவாங்களா?" என்று இன்னொன்று கேட்டது.

மூன்றாம் பக்கத்திலேயே உங்கள் கதை படுத்துவிட்டது. குழந்தைகள் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். மூக்கைப் பிடித்தவர்களையெல்லாம் கைக்குட்டையோடு மாற்றி வரையச் சொல்வார்கள், அப்புறம் விசிலுக்கு என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த முன்வரிசைக் குழந்தை எழுந்து வந்து, புத்தகத்தில் நகத்தை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தது.

"மிஸ், இதுக்கு அடியில வேற என்னமோ எழுதியிருக்கு."

சீட்டு உரிந்தது. குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தது. "கு... சு."

உடனே வகுப்பு வெடித்தது அண்ணி! பெஞ்சில் விழுந்து சிரிக்கிறார்கள், மூக்கைப் பொத்துகிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் "யாருங்க விட்டது?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. எல்லாச் சீட்டையும் குழந்தைகளே உரித்துப் போட்டார்கள். கதையை முதலிலிருந்து மூன்று தடவை படித்தேன்.

அப்படியே பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 'நூறு' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மூணாம் நாளு ஞாபகம் இருக்கா மல்லி?"

மறக்குமா? அதே வார்டில் நீங்களே வயிற்றில் தையலோடு படுத்திருந்தீர்கள். நீங்கள் பழக்கிய நர்ஸ்தான் வந்து வந்து கேட்டுப் போனது. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. உங்கள் உதடு வெடித்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அது வந்தது. நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். நீங்கள் கண்ணைத் திறந்து, புருவத்தைத் தூக்கி, அண்ணனைப் பார்த்து, குரலே இல்லாத குரலில் கேட்டீர்கள்: "யாருங்க விட்டது?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே அழுதது. அண்ணன் ஒரு ஸ்பூன் தண்ணீரை உங்கள் வாயில் விட்டார், பாதி கழுத்தில் வழிந்தது. அதற்குப் பிறகு நாற்பது நாள் எங்களோடு இருந்தீர்கள்.

"அன்னிக்கு எத்தனை சாமியை வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" என்றார் அண்ணன். "தும்மலுக்கா வேண்டிக்கிட்டேன்?"

தாளை எடுத்தார். தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். ரயில்வே பணிமனையில் பழகிய குண்டு எழுத்தில், 'ஒப்புதல் இல்லை. குசு குசுவாகவே இருக்கட்டும்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில் நானும் போட்டேன். இன்று காலை நானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

இதனால் புத்தகம் வராமலே போகலாம். தெரிந்துதான் செய்தோம். என்னிடம் ஆறு பிரதிகள் இருக்கின்றன, ஒன்றில் பசை ஒட்டிய தழும்பும் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் கதவைத் திறக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் படிப்பேன். ஆறும் கிழிந்தால் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி வரைவேன். கை நடுங்கினால் பாலம் கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதான். உங்கள் வார்த்தை மட்டும் நேராக நிற்கும். இது சத்தியம் அண்ணி.

நாக்கு வறண்டு கிடக்கும் எந்த மனுஷனும் வெட்கப்படாமல் "வந்துடுச்சும்மா, தண்ணி குடு" என்று கேட்கும்வரை,

உங்களுக்காகச் சண்டைக்கு நிற்கும்,
உங்கள் நாத்தனார்
மல்லி