சுண்டலின் நெற்றி

என்னங்க,

நம்ம பூனை சுண்டலுக்கு அரிப்பு ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். மீன் இல்லை! மீன்தான் ஒத்துக்கலைன்னு நீங்க அடிச்சுச் சொன்னதுல, சுண்டலோட சேர்ந்து நானும் இத்தனை நாளா தயிர்சாதம் தின்னேன்.

இன்னைக்குக் காலையில ஜன்னல் வழியா பார்த்தேன். சாமி கும்பிட்டு முடிச்சதும் அதைத் தூக்கி மடியில வெச்சு, நெத்தி நிறைய விபூதி பூசுறீங்க. அதுவும் புதுசா வாங்குன வாசனை விபூதி! முடி கொட்டுன இடமும் அதேதான். "புதுசா ஏதாவது பூசுனீங்களா"ன்னு டாக்டர் கேட்டப்ப, "சேச்சே"ன்னு தலையாட்டினது யாரு?

ஈரத்துணியால துடைச்சு விட்டிருக்கேன். திரும்பப் பூசாதீங்க.

பட்டினச்சேரி மீன்காரம்மாகிட்ட மத்தி வாங்கிக் குழம்பு வெச்சாச்சு. உப்பு, மிளகாய் இல்லாம அவிச்சது சின்னக் கிண்ணத்துல இருக்கு. அது சுண்டலுக்கு. மாத்திச் சாப்பிட்டுடாதீங்க.

நான் ஸ்கூல்லேருந்து வர சாயங்காலம் ஆகும். வெளியில போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க.

அல்லி

பின்குறிப்பு: யாருக்காவது பூசியே ஆகணும்னு கை பரபரத்தா, காலையில நான் அடுப்படியிலதான் நிக்கிறேன். கல்யாணமான நாள்லேருந்து ஒருதடவைகூட உங்களுக்குத் தோணல. எனக்கும் ஒரு நெத்தி இருக்கு. அலர்ஜியெல்லாம் கிடையாது.