குதிரைக்குக் குரல் கொடுத்தவனுக்கு

தம்பிக்கு,

நீ குதிரைக்குக் குரல் கொடுத்த அந்தக் குழந்தைகள் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. செத்த சிறுமியை ஒரு மிருகம் "எழுந்திரு" என்று சொல்லி எழுப்புவதா? உயிர் கொடுப்பது கடவுளின் வேலை. அதைப் பேச உனக்கு வாய் கூசவில்லை.

படத்தை நான் பார்க்கவில்லை. சாக்கடை என்று தெரிந்த பிறகு இறங்கியா பார்ப்பார்கள்?

கண் தெரியாத அம்மாதான் பக்கத்து வீட்டுக்காரியோடு எனக்குத் தெரியாமல் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். படுக்கையில் விழுந்த பிறகும் அதே பேச்சு. "அவன் வந்து எந்திரிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் எந்திரிச்சு உட்கார்ந்துருவேன்" என்றாள். அதுவும் ஜெபிக்க வந்த சபைப் பெரியவரின் முன்னால். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "யாருடி?" என்று கேட்டாள். "ராங் நம்பர்மா" என்றேன்.

இனி நீ அவசரப்பட்டு வரவேண்டாம். கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். வந்தால் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்கிறேன். அங்கே நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்.

உன் அக்கா