சர்க்கரையும் சீனியும்

பிரசாத்,

சோறும் இறால் குழம்பும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. என் திறப்பை இந்தச் சீட்டின் மேல் வைத்திருக்கிறேன். உங்கள் தமிழில் அது சாவி.

ஐந்து மணிக்கு உங்கள் நண்பர் நரேந்திரன் வருவார், நீங்கள் வீட்டில் காய்ச்சிய பியரைக் குடித்துப் பார்க்க. பியரைப் போத்தலில் அடைத்த அன்றைக்கு அவர் முன்னால்தானே என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அடைக்கும்போது இனிப்பை அளவாகப் போட்டால் நுரை வரும், கூடினால் போத்தலே வெடிக்கும் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, "சர்க்கரை நூத்திருபது கிராம் போடு" என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. அதனால்தான் "சர்க்கரையோ, சீனியோ?" என்று கேட்டேன்.

"பாருங்க நரேன், கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு, இவளுக்கு இன்னும் தமிழே வரல. சொன்னதைப் போடுடி!"

நீங்கள் இருவரும் சிரித்து முடிக்கும்வரை தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பியருக்குக் கிராம் கணக்குப் பார்க்கிற நீங்கள், என்னோடு கதைக்கும்போது எதையும் அளந்ததில்லை.

மனுரேவாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வர வேண்டாம்.

துவாரகா

பி.கு: அன்றைக்கு நூற்றிருபது கிராம் சர்க்கரை போட்டேன். பிழையாகிவிடக் கூடாதே என்று நூற்றிருபது கிராம் சீனியும் போட்டேன்.

இன்னொன்று: பியரைச் சூட்டில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சுடுதண்ணீர்த் தொட்டி அலமாரிக்குள் காலையில் ஒரு போத்தல் வெடித்தது. உங்கள் கோட்டும் அங்கேதான் தொங்குகிறது. மீதி முப்பத்தொன்பதையும் நீங்களே திறவுங்கள். நரேந்திரனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், சிரிக்க ஆள் வேண்டுமே.