வைத்தியர் வீட்டு டிவி

மாப்பிள்ளைக்கு,

என் மகள் போனதிலிருந்து உங்களோடு பேசாதவள் எழுதுகிறேன். புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு, நீங்கள் அவளை எண்ணெய் வைத்தியரிடம் கூட்டிப்போனதை நான் மறக்கவில்லை.

அந்த ஆளை நாலு கேள்வி கேட்க நேற்று அங்கே போனேன். காத்திருக்கும் அறையின் டிவியில் அவள் சிரித்துக்கொண்டே, "கட்டி கரைஞ்சே போச்சு" என்கிறாள். நீங்கள் எடுத்த வீடியோ. முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறது.

"இவங்களப் பாத்துதான் ஆபரேஷன வேணாம்னுட்டேன்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"அவ என் மக. செத்துட்டா" என்றேன்.

அந்தப் பெண் டிவியைக் காட்டினாள். "இதோ பேசுறாங்களேம்மா."

வீடியோவை எடுத்தவர் நீங்கள். நீங்களே வந்து நிறுத்துங்கள். என் பேச்சை அங்கே யாரும் நம்பவில்லை. அவள் பேச்சைத்தான் நம்புகிறார்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்