கொக்கிக்கும் பெட்டிக்கும் ஒரு முழம்

தூத்துக்குடி
12-7-1948

தம்பி வில்பிரட்டுக்கு,

அய்யாக்குட்டி மூப்பன் சொல்ல, மருமகள் சண்முகவடிவு எழுதுவது. இங்கன எல்லோரும் சுகம். கிண்டிக் காலேஜ் சோறு உனக்கு வாய்க்குப் பிடிக்கிறதா?

வாத்தியார் ஊர்ச்சங்கதி ஒன்றை வைத்துக் கணக்குப் போடச் சொன்னார் என்றும், பதினேழு வருசத்துக்கு முந்தி உன் அப்பன் பர்னபாஸ் கயிறு கட்டிய பெட்டி விழுந்ததையே எடுத்துக்கொண்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். ஏலே, ஊரில் வேறே சங்கதியே இல்லையா? "அப்பா எங்கே தப்புப் பண்ணினார் என்று தெரிந்தால் அந்த வெட்கத்தை இறக்கி வைத்துவிடுவேன்" என்ற இடத்தில் மருமகள் வாசிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

அளவு கேட்டாய். எனக்கு எழுத்துத் தெரியாது; பார்த்தது மறக்காது. ஆலைக்கு வந்த இயந்திரப் பெட்டி. நாற்பது அந்தர், அதாவது இரண்டு டன் கனம், பன்னிரண்டு அடி நீளம். தோணியிலிருந்து கடல்பாலத்துக்குக் கிரேனில் தூக்கினோம்; ஆட்களை ஏவும் மூப்பன் நான். பெட்டியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கயிறு. இரண்டும் நடுவே கொக்கியில் சேரும். பெட்டி மூடிக்கும் கொக்கிக்கும் சரியாக ஒரு முழம். என் கையை வைத்தே பார்த்தேன். கயிறு புதுசு, அறுபது அந்தர் தாங்கும்.

ஒரு சாண் எழும்பியதும் ஒரு முனை விட்டுப்போய்ப் பெட்டி புரண்டது. பக்கத்தில் நின்ற வேலையாள் இன்பமணி அடியில் சிக்கிச் செத்துப்போனான். உன் அப்பன் போட்ட முடிச்சு நழுவியதுதான் காரணம். விசாரணையில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்லுகிறேன்.

அய்யாக்குட்டி (கைநாட்டு)


கிண்டி
21-7-1948

அன்புள்ள மாமாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நலம். அளவுக்கு நன்றி. உங்கள் ஞாபகத்தை வாத்தியாரே மெச்சினார்.

அவர் சொல்லித்தந்த முறை இது: தோணி, கிரேன், கடல், ஆட்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். வெறும் தாளில் பெட்டி மட்டும் தனியே நிற்கும். அதை இழுக்கிறவற்றை மட்டும் அம்பாகப் போட வேண்டும். கீழே ஓர் அம்பு, கனம். மேலே சாய்வாக இரண்டு அம்பு, கயிறுகள். பெட்டி அசையாமல் தொங்க வேண்டுமானால் மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும்.

நாற்பதில் பாதி, கயிற்றுக்கு இருபது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை, மாமா. கொக்கி ஒரு முழ உயரத்தில் இருந்தால் கயிறு படுத்துவிடும். அது மேலே தூக்குவது கொஞ்சம், பக்கத்தில் இழுப்பது ஏராளம். ஒவ்வொரு கயிற்றுக்கும் எண்பத்திரண்டு அந்தர் வருகிறது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நீளக் கயிறு கட்டி, கொக்கி ஆறடி உயரத்தில் இருந்திருந்தால் இருபத்தெட்டுதான்.

எப்பேர்ப்பட்ட முடிச்சானாலும் அறுபது தாங்கும் அந்தக் கயிறு பிழைத்திருக்காது. முடிச்சு நழுவியதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? குட்டைக் கயிற்றைக் கட்டச் சொன்னது யார்?

தங்கள்
வில்பிரட்


தூத்துக்குடி
2-8-1948

தம்பிக்கு,

கடிதம் வந்தது. பாதியிலேயே போதும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். தாளில் போடும் கணக்கு வேறே, கடல் வேறே. இங்கன வெயில் கொளுத்துகிறது. நீ உன் படிப்பைப் பார்.

அய்யாக்குட்டி (கைநாட்டு)


மணப்பாடு
19-8-1948

வில்பிரட்டுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். அய்யாக்குட்டி நான் சொல்ல, உன் அப்பா எழுதுகிறார்.

எழுதத் தெரியாதவன் தன் பாவத்தை யார் காதிலாவது போட்டுத்தான் எழுத வேண்டும். மருமகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனால், அவருக்கு இது இன்னொரு மனு. இதை எழுத உரிமையுள்ள கை ஒன்றுதான். பஸ் ஏறி உன் அப்பாவிடம் வந்துவிட்டேன்.

அன்றைக்கு உன் அப்பா, "அண்ணாச்சி, இது குட்டை. கிட்டங்கியில நீளக் கயிறு கிடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்றார். அம்பு போடாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. துரை பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று வந்தவன் மூப்பனுக்குச் சொல்லித்தாரானா என்று எனக்கு ரோசம் வந்தது. "பேசாமக் கட்டுலே" என்றேன்.

கயிறு நடுவில் அறுந்தது. முடிச்சு பெட்டி வளையத்தில் இறுகி அப்படியே இருந்தது. எல்லோரும் இன்பமணியைத் தூக்க ஓடினார்கள். நான் முடிச்சுக்குள் ஆணியைக் கொடுத்து நெம்பினேன். விட்டுக்கொடுக்கவில்லை. நகம் பெயர்ந்த பிறகுதான் அவிழ்ந்தது. இரண்டு துண்டையும் கடலில் போட்டேன். அந்த ரத்தக் கையைக் கட்டிக்கொண்டுதான் "முடிச்சு நழுவிட்டு, துரை" என்றேன்.

இந்த இடத்தில் உன் அப்பா பேனாவை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். திரும்பி வந்து, "மேல சொல்லும்" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை. அதையும் எழுதச் சொன்னேன். எழுதுகிறார்.

அந்தத் துரை இப்போது இல்லை. இப்போது ஆபீசில் இருக்கிறவர்களுக்கும் இன்பமணி வீட்டுக்கும் இதே கையில் நகல் வாங்கிக்கொண்டு போகிறேன். அளவு கேட்டபோது வாய்கொழுத்துச் சொன்னேன் தம்பி, அந்த ஒரு முழம் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியாமல். உன் கணக்கு சரி.

அய்யாக்குட்டி (கைநாட்டு)

மகனே, மேலே இருப்பது அவர் கைநாட்டுதான். நானே மை தடவிக் கொடுத்தேன். அவர் வாசலில் நிற்கிறார். சாப்பிட்டுப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினேழு வருசமாக வேட்டி முடிச்சைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்த்துத்தான் வெளியே போவேன். இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்புகிறேன். இன்றைக்கு ஒரு தடவைதான் கட்டினேன்.

அப்பா