செபமாலை நேரத்துச் சிவப்பு வெளிச்சம்

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் பழுதான சோலர் விளக்கொன்றைக் கொண்டுவந்து தந்தார். அறுந்த வயரில் ஈயத்தை உருக்கி வைத்தபோது புகை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். மற்றவர்களுக்கு மல்லிகை மணத்திலும் ஊதுபத்தியிலும் ஆட்கள் ஞாபகம் வருவார்கள். எனக்கு நீ ஈயப்புகையில் வருகிறாய். கோபிக்காதே, அப்படித்தான் அமைந்துவிட்டது.

போர் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்த முதல் வருடம். தகரக் கொட்டிலில் உன் அண்ணனும் நானும், அடுத்த வளவில் நீயும் உன் மகளும். முகாமில் வந்த காய்ச்சலோடு உதிரத் தொடங்கிய உன் தலைமயிர் ஊருக்கு வந்தபிறகும் நிற்கவில்லை. முன்பக்கமும் உச்சியும் வெளித்துப் போயின. ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று குளிசை தந்தார்கள். குளிசை முடிந்தது, மயிர் வரவில்லை. சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு நீ தினமும் மாதா கோயில் பூசைக்குப் போனாய். சனம் உன்னைப் பெரிய பக்தி உள்ளவளாக்கிவிட்டது. முக்காட்டுக்குக் காரணம் கேட்காத இடம் கோயில் ஒன்றுதான் என்பது எனக்கல்லவா தெரியும்.

அடையாள அட்டையில் வந்துதான் மாட்டுப்பட்டாய். இடப்பெயர்வில் அட்டை தொலைந்துவிட்டது. அது இல்லாமல் வீட்டுத்திட்டப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முடியாது. உன் புருஷன் கடலோடு போனபிறகு கையெழுத்து வைக்க வேறு ஆளும் இல்லை. அட்டைக்கான படத்தில் நெற்றியும் இரண்டு காதும் தெரிய வேண்டும், தலையில் துணி கூடாது என்றார் கிராம அலுவலரான விதானையார். அட்டைக்குப் படம் பிடிக்கப் பள்ளிக்கூடத்தில் நடந்த நடமாடும் சேவைக்கு இரண்டு தரம் வெளிக்கிட்டாய். இரண்டு தரமும் படலையோடு திரும்பிவிட்டாய்.

"என்ரை பிள்ளை மழைக்கும் வெயிலுக்கும் இந்தக் கொட்டிலுக்கைதான் கிடக்கப்போறாள் எண்டு தெரியும். எண்டாலும் ஏலாதடி," என்றாய்.

அந்த நாட்களில்தான் கனடாவில் இருந்து வந்த உன் சித்தியின் மகள் போனில் ஒரு தொப்பியைக் காட்டினாள். உள்ளே முழுக்கச் சிவப்பு வெளிச்சம். ஒருநாள்விட்டு ஒருநாள் இருபது நிமிடம் போட்டிருந்தால் மயிர் முளைக்குமாம். விலையைக் கேட்டதும் நீ போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். நான் வாங்கி இன்னொருதரம் பார்த்தேன். மீள்குடியேறிய பெண்களுக்கு நடந்த சோலர் விளக்குப் பயிற்சியில் மூன்று மாதம் ஈயம் உருக்கியவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

"இதென்ன, சட்டிக்குள்ளை லைற். நான் செய்து தாறன்," என்றேன்.

பள்ளிமுனையில் என் பெரியம்மா வீட்டில் மார்கழியில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குப் போடும் பழைய பல்புமாலைகள் கிடந்தன. அவற்றில் சிவப்பு எல்.ஈ.டி.களை மட்டும் வெட்டி எடுத்தேன். மரக்கறி கழுவி வடியவிடும் துளைபோட்ட பிளாஸ்ரிக் கிண்ணத்தில் துளைக்கு ஒன்றாகச் செருகி, ஐந்து ஐந்தாகக் கோத்து, ஒவ்வொரு கோவைக்கும் ஒரு ரெசிஸ்ரர் வைத்துச் சோலர் பற்றரியில் கொடுத்தேன். எல்லாம் எரிந்தன. தலையில் குத்தாமல் இருக்கக் கிண்ணத்தின் விளிம்பில் பழைய துணி சுற்றினேன். சிவப்பு என்றால் எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல, அதற்கென்று தனி அலைநீளம் உண்டென்று பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்குச் சிவப்பு சிவப்புத்தான்.

முதல்நாள் நீ அதைக் கவிழ்த்துக்கொண்டு கதிரையில் இருந்தபோது உன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன, மார்கழி வந்திட்டுதோ?"

நீ சிரித்த சிரிப்பில் கிண்ணம் கழன்று மடியில் விழுந்தது. அந்த மனுசனைக் கலைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கினோம்.

வீட்டில் மணிக்கூடு இல்லை. ஒரு செபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும் என்று கணக்குப் பார்த்தாய். நல்ல யோசனைதான். ஆனால் கழுத்து நோகத் தொடங்கியதும் உன் அருள்நிறை மரியே மந்திரம் தலைமன்னார் ரயில்போல ஓடத் தொடங்கியது.

"மெதுவாச் சொல்லடி. மாதாவுக்கும் விளங்காது, மயிருக்கும் காணாது," என்பேன். கடைசியில் மாதா பிரார்த்தனையையும் சேர்த்துச் சொல்ல வைத்தேன். மூன்று மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு உன் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. ஒன்றும் இல்லை. நீ ஒவ்வொரு முறையும் கேட்பாய்.

மூன்றாவது நடமாடும் சேவைக்கு இரண்டு நாள் இருந்தது. "வருதோடி?" என்றாய்.

"ஓம், முன்பக்கம் பூனைமயிர்மாதிரி வருது," என்றேன். பொய். வேறென்ன சொல்ல, நீ வீட்டை இழந்துவிடுவாய் என்று எனக்குப் பயம்.

சேவை நாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றோம். உன் முறை வந்ததும் நீயே முக்காட்டை இறக்கினாய். யாரோ ஒரு பெண் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். படம்பிடிக்கிறவர் நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினாய். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சொன்னாய்: "ஒண்டும் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும். தடவிப் பாக்க எனக்குக் கையில்லையோ?"

"அப்ப என்னெண்டு துணிஞ்சனீ?"

"மூண்டு மாதமா என்ரை தலையைப் பாத்தனீ, உன்ரை முகம் ஒருநாளும் மாறேல்லை. அதுக்குப் பிறகு ஆர் பாத்தா என்ன? ஆனா எனக்கு இனிப் பொய் சொல்லாதை, மச்சாள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அட்டை வந்தது, கையெழுத்து வைத்தாய், கல்வீடு எழும்பியது. அந்த வீட்டிலிருந்துதான் மகளைக் கட்டிக் கொடுத்தாய். கலியாணப் படங்களில் எல்லாம் முக்காட்டோடுதான் நின்றாய், அது உன் விருப்பம். போன வருடம் அந்த வீட்டிலிருந்துதான் உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு மகள் உன் அடையாள அட்டைப் படத்தை மன்னாரில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்திருந்தாள். அவர்கள் கம்ப்யூட்டரில் நெற்றிக்குமேல் அடர்த்தியாகக் கறுத்த மயிர் வைத்துக் கொடுத்தார்கள். அச்சுக்கு முதல் எனக்குப் போனில் அனுப்பிவிட்டு, கூப்பிட்டுக் கேட்டாள்.

"மாமி, அம்மா வடிவா இருக்கிறாவோ?"

ஓம் என்றால் பிள்ளை ஆறுதல் அடைவாள். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வடிவுதான் பிள்ளை. ஆனா இது கொம்மா இல்லை," என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். உன் தலையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அதுதான் முதல்முறை. அன்று அந்தப் பிள்ளைக்குச் செபமாலைக் கதை முழுவதையும் சொன்னேன். அம்மா எப்படித் துணிந்து அப்படிப் படம் எடுத்தாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

முப்பத்தோராம் நாள் பூசையில் எல்லார் கையிலும் நீ இருந்தாய், கம்ப்யூட்டர் மயிர் இல்லாமல், நெற்றியும் இரண்டு காதும் தெரிய. ஒன்றை என் செபப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது தங்கள் முகத்தையோ வீட்டையோ பிள்ளையையோ காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், உடனே ஓம் சொல்ல எனக்கு வருவதில்லை மச்சாள். முதலில் நன்றாகப் பார்க்கிறேன்.