மற்றும் பிறர்

இன்று காலை நூலகக் குழு கூடி, நூலகத்தில் ஒரு கோந்து பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தலைவர் முன்மொழிந்தார், தலைமை எழுத்தர் வழிமொழிந்தார். பாட்டிலைச் சணல் கயிற்றால் மேஜைக் காலோடு கட்டிவைக்க வேண்டும் என்ற திருத்தம் நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஏற்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஓசூர்ப் பக்கத்தில் இந்த ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து, அதற்கு ஒரு கிளை நூலகத்தையும் கொடுத்த நாளிலிருந்து, இவ்வளவு துணிச்சலான முடிவு இங்கே எடுக்கப்பட்டதில்லை.

பியூன் முனியப்பா மூடியைத் திருகித் திறந்தார். பிசின் வாசனை அறை முழுக்கப் பரவியது. உடனே உங்கள் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? உங்களுக்கு வேண்டியிருந்தது இதில் ஒரு சொட்டு.

ராகிக் கதிரைப் பதராக்கும் குலை நோயை ஆராயத் தற்காலிக உதவியாளராக நீங்கள் வந்தபோது நான் இங்கே நூலகராக இருந்தேன். இப்போதும் அதேதான். உங்கள் மனைவியும் மகளும் நாகரசம்பட்டியில் மைத்துனர் வீட்டில் இருந்தார்கள். நிரந்தர ஊழியருக்குத்தான் குடியிருப்பு உண்டு. நிரந்தரமாக வேண்டுமென்றால் தகுதியான பத்திரிகையில் உங்கள் பெயரில் ஒரு கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும். “ஒண்ணே ஒண்ணு போதும் சார்” என்பீர்கள். “எம்பொண்ணு அந்த வீட்டுல கூப்பிடற வரைக்கும் தட்டுகிட்ட போவாதாம். இந்த வயசுலயே அது தெரிஞ்சிருக்குது அவளுக்கு.”

உங்களோடு நானும் ஒருமுறை உத்தனப்பள்ளிக்கு வந்தேன். எல்லப்பாவின் ராகிக் கொல்லையில் நீங்கள் கதிர் கதிராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முன்கூட்டி விதைத்த பக்கம் நோய் குறைவு என்பது உங்கள் கண்டுபிடிப்பு. எல்லப்பா வரப்பில் நின்றபடி கேட்டார்.

“ஏன் சாமி, எங்கொல்லய பாத்துப் பாத்து எழுதிக்கினு போற. எம்பேரு வருமா அதுல?”

“கடைசீல நன்றின்னு போட்டுடறேன், எல்லப்பா.”

“கடைசீலயா? எங்கள எப்பவும் அங்கதான வெப்பீங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னீர்கள்: “கொல்லையில கண்டது காகிதத்துல ஏறணும் சார். அப்பதான் அடுத்த ஊருக்குப் போவும்.”

காகிதத்தில் ஏற்றுவதற்கு உதவ நாங்கள் தயாராக இருந்தோம். ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை வெளியிட நூலகங்கள் துணைநிற்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எந்தப் பத்திரிகை எதை ஏற்கும் என்று நான் தேடித் தந்தேன். மேற்கோள்களை இருவரும் உட்கார்ந்து சரிபார்த்தோம். லண்டன் பத்திரிகை ஒன்று பொருத்தமாகப்பட்டது. தட்டச்சுக்கு நூலக இயந்திரத்தைக் கொடுத்தோம். அதில் ஆங்கில ‘ஆர்’ எழுத்து உடைந்திருந்தது. ராகியைப் பற்றிய கட்டுரைக்கு அது ஒரு பெரிய இடைஞ்சல் இல்லை. விடுபட்ட இடங்களை நீங்கள் பேனாவால் நிரப்பினீர்கள்.

பிறகு முறையான வழி. எங்கள் அலுவலக மரபில் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு நேராக எழுதுவது அநாகரிகம். தமக்கு மேலே இருக்கும் ஒவ்வொருவர் ‘வழியாக’வும் எழுத வேண்டும். ஆகவே கட்டுரையின் நெற்றியில் நிலையக் கண்காணிப்பாளர் வழியாக, பிரிவுத் தலைவர் வழியாக, நூலகக் குழுத் தலைவர் வழியாக என்று மூன்று பெயர்கள் பதவி வரிசைப்படி ஏறின. பெரியவர்களுக்கு மேலே சிறியவர் பெயரை அடிப்பது மரியாதை அல்ல என்பதால் உங்கள் பெயர் நான்காவதாகக் கீழே நின்றது.

கண்காணிப்பாளர் உங்கள் தோளில் தட்டினார். “பேரு எங்க இருந்தா என்னய்யா? வேலை உன்னுதுன்னு ஊருக்கே தெரியும்.”

லண்டன் அந்த ஊரில் சேரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பத்திரிகை ஆசிரியருக்கு ‘வழியாக’ என்றால் என்னவென்று விளங்கவில்லை. நான்கு பேர் கூடி ஆராய்ந்ததாக எடுத்துக்கொண்டார். மூன்று பேருக்கு மேற்பட்டால் முதல் பெயரை மட்டும் போட்டு, ‘மற்றும் பிறர்’ என்று முடிப்பது அந்தப் பத்திரிகையின் வழக்கம். கப்பல் தபாலில் வந்த தொகுதியை என் மேஜையில் பிரித்தோம். கண்காணிப்பாளரின் பெயர் இருந்தது. அதையடுத்து, மற்றும் பிறர். கடைசிப் பக்கத்தில் நன்றி, உத்தனப்பள்ளி எல்லப்பாவுக்கு, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

“பிறர்ங்கறது நான்தான சார்?” என்று கேட்டீர்கள்.

“மூணுல ஒரு பங்கு” என்றேன். கணக்கு சரிதான்.

கண்காணிப்பாளருக்குப் பாராட்டு விழா நடந்தது. கட்டுரையை அவர் படிக்கவில்லை என்று சிலர் பேசிக்கொண்டது அவதூறு. தலைப்பு வரை படித்திருந்தார். மேடையில் ராகியை நெல் என்றார். திருத்தியிருக்கக்கூடிய ஒரே ஆளான நீங்கள் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் முனியப்பா உங்களை வாசலிலேயே வரவேற்றார். “வாங்க, மத்தும் பிறர் சார். டீ ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?”

நீங்கள் லண்டனுக்கு நேராக எழுதினீர்கள். யார் வழியாகவும் எழுதாததால் பதில் சீக்கிரம் வந்தது. இந்தக் கட்டுரையின் ஆசிரியர் நீங்கள் ஒருவரே, இந்தச் சீட்டை அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளவும் என்று அச்சடித்த ஒரு திருத்தச் சீட்டு. விரல் அகலம்தான் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஓடிவந்ததைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நூலகப் புத்தகத்தில் குழுவின் அனுமதியில்லாமல் எதையும் ஒட்டக்கூடாது. யாரும் ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகவே நூலகத்தில் கோந்து வைப்பதில்லை. குழுவின் முன் நீங்கள் நின்றீர்கள்.

“கோந்து வேணாங்க. ராகிக் கூழ் காச்சி எடுத்தாறேன். நம்ம பயிரு, நம்ம பசை.”

தலைவர் யோசித்தார். அந்தப் பக்கத்தில் ‘பிறர்’ என்பதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. “கூழ் வெச்சா எலி வரும். எலி வந்தா புத்தகம் போயிடும். ஒரு பேருக்காக நூலகத்தயே எலிக்குக் குடுக்கச் சொல்றியா?” என்றார். விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. லண்டனுக்கு நேராக எழுதியதற்கு விளக்கம் கேட்பதை மட்டும் அன்றே முடித்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே, நிரந்தரப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழு வந்துவிட்டது. தொகுதியை விரித்து, சீட்டை உரிய இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினீர்கள். வந்திருந்த பெரியவர் சீட்டை நுனியில் பிடித்துத் தூக்கினார். “இது ஒட்டலையே. ஒட்டாத பேரை நான் எப்படிய்யா எடுத்துக்கறது?” என்று விட்டுவிட்டார். மின்விசிறிக் காற்றில் அது மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. நீங்கள் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அப்படியாகக் குடும்பத்தோடு சேர்ந்து வாழும் உங்கள் ஆசை நிறைவேறியது. நாகரசம்பட்டிக்கே போனீர்கள். புறப்படும் நாளில் என்னிடம் வந்து சீட்டைக் கொடுத்தீர்கள். “உங்ககிட்டயே இருக்கட்டும் சார். என்னைக்காவது கோந்து வாங்குவாங்க.” வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தீர்கள். “இனிமே நானும் கூப்பிட்டாத்தான் தட்டுகிட்ட போவணும். எம்பொண்ணு சொல்லிக்குடுப்பா.”

போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனீர்கள். நிலையத்தில் இரங்கல் தீர்மானம் எதுவும் இல்லை. அது நிரந்தர ஊழியர்களுக்கு உரியது. கண்காணிப்பாளர் இப்போது டெல்லியில் ஏதோ ஒரு குழுவுக்கு ராகியைப் பற்றி ஆலோசனை சொல்கிறார். எல்லப்பா சந்தைக்கு வந்தவர் இங்கே எட்டிப் பார்த்தார். அவர் பெயரை எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அந்த சாரு பேரு எங்க?” என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சட்டை மாற்றும்போது மாற்றி வைத்துக்கொள்கிறேன். மடிப்பில் தேய்ந்திருக்கிறது, பெயர் தெளிவாகவே தெரிகிறது. இன்று மதியம் அதை எடுத்துக்கொண்டு, தொகுதியையும் இறக்கி, கயிறு கட்டிய பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒட்டுவதற்கு முன் தீர்மானத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். திருத்தச் சீட்டு ஒட்ட விரும்பும் ஆசிரியர், குழுத் தலைவர் முன்னிலையில் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.